கராஜ் பக்கம்: மாரிக்கு முன் பொனற்றைத் திறந்து பாருங்கள்

புரட்டாதி பிறந்தால் இந்தப் பக்கத்துக்கு வருகிற கேள்விகளே மாறிவிடும். வெயில் காலத்தில் எஞ்சின் கொதிக்குது, ஏசி குளிரவில்லை என்று எழுதியவர்கள் இப்போது ஈரம், கறள், பற்றரி என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நெஞ்சடைக்கிறது. ஆகவே வன்னியில் மொறிஸ் மைனரும் டொல்பின் வானும் (ரொயொட்டா ஹையேஸ்) பழைய மாருதியும் இன்னும் கொஞ்சக் காலம் ஓடத்தான் போகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் ஏறக்குறைய எல்லோருமே என்ன பார்ட்ஸ் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் வாங்கத் தேவையில்லை, மற்றவர்கள் எது பழுது என்று பார்த்த பிறகு வாங்கினால் போதும்.

கேள்வி: அப்பா ஓடிய மொறிஸ் மைனர் இப்போது என்னிடம். மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்ராட் ஆகாது. பத்து மணிக்கு வெயில் பட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்ராட் ஆகும். கராஜில் கொயில் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அதே கதை. இப்போது கார்பரேற்றரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா அண்ணை? (தருமபுரம்)

பதில்: கார்பரேற்றரைத் தொட வேண்டாம் தம்பி. வெயில் பட்டதும் ஓடுகிறது என்றால் பெற்றோல் பக்கம் சரியாக இருக்கிறது, ஈரம் காய்ந்ததும் கரண்ட் சரியான இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். கொயிலிலிருந்து பிளக்குக்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ற். அதற்கு ஈரத்தில் ஊறிய தூசிப் படலம் ஒன்று கிடைத்தால் போதும், பிளக் வரைக்கும் போகாமல் வழியிலேயே எஞ்சின் இரும்புக்குள் இறங்கிவிடும். நம்மூர் கிறவல் ஒழுங்கையில் கோடை முழுக்க ஓடிய காருக்குள் அந்தத் தூசி எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரவில் கொட்டில் லைற்றை அணைத்துவிட்டு, பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடியைச் சுற்றியோ பிளக் வயர்களின் மேலோ நீலமாகப் பொறி ஊர்ந்தால் ஆள் பிடிபட்டான். பார்ப்பதோடு நிறுத்துங்கள், கை வைக்க வேண்டாம். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, மூடியின் இரண்டு பக்கக் கிளிப்பையும் நெம்பி விட்டு, மூடியைக் கழற்றி உட்பக்கத்தை ரோச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நான்கு முனைகளுக்கு இடையில், அல்லது நடுவில் இருக்கிற கரித்துண்டிலிருந்து ஓரத்துக்கு, பென்சிலால் கீறிய மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருக்கிறதா? இருந்தால் அந்த மூடி முடிந்தது. துடைத்தாலும் சுரண்டினாலும் அந்தக் கோட்டில்தான் கரண்ட் திரும்பத் திரும்ப ஓடும், புது மூடியும் உள்ளே சுற்றுகிற றோட்டரும் வாங்குங்கள். கோடு இல்லையென்றால் காய்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, நடுக் கரித்துண்டு ஸ்பிறிங்கில் உள்ளே போய் வெளியே வருகிறதா என்று விரலால் அமர்த்திப் பார்த்து, வயர்களையும் நுனி வரைக்கும் துடைத்து, ஈரத்தை விரட்டுகிற ஸ்பிறே கொஞ்சம் அடித்துப் பூட்டுங்கள். பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது மழைத் துளியை மறிக்கும், ஆனால் எஞ்சின் சூட்டில் உள்ளே வியர்த்து அதே ஈரத்தை உண்டாக்கும்.

மூடியைக் கழற்றிய கையோடு, உள்ளே கொயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கிற பொயின்ற்றையும் பார்த்துவிடுங்கள். முனை கருகிக் குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றர், பீலர் கேஜ் என்கிற அளவுத் தகட்டை வைத்து, பொயின்ற் முழுதாக விரிந்து நிற்கிற நிலையில் அளக்க வேண்டும். பிளக்குக்கு 0.025 அங்குலம். கடதாசியை மடித்து அளக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எப்படியோ ஓடவும் செய்யும், ஆனால் ஈரமான காலையில் அந்த எப்படியோ உதவாது. கடைசியாக ஒன்று: உங்கள் கார் 1971க்கு முந்திய மைனர் என்றால், யாரும் இடையில் மாற்றாத வரைக்கும் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் இரும்புப் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 90களில் எங்கள் ஒஸ்டின் ஏ40 கார் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது, ஒரு பழுதும் வரவில்லை. பெற்றோல் விற்கிற விலைக்கு இப்போதும் அப்படி ஓடினால் என்ன? (அக்கராயன்)

பதில்: ஒரு பழுதும் வரவில்லை என்பது ஞாபகம் ஐயா, அந்தக் காலத்து கராஜ்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார். பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்குள் வராத காலம் அது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்து, கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அது அந்த நேரத்தின் கெட்டித்தனம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏ40 போன்ற எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7க்கு 1 அளவில் இருந்ததால்தான் அது தாங்கியது. இப்போதைய கார்களில் 9க்கு மேல், அதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தட்டித் தட்டியே பிஸ்ரனைத் தின்றுவிடும்.

ஏ40யிலும் சேதம் மெதுவாக நடக்கிறது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டி வழிந்து, சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பார்த்தால் தெரியும், ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், தண்ணியாக ஓடும். குளிர்ந்த மாரிக் காலையில் இது இன்னும் மோசம். மற்றது விலை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது உங்களுக்கும் தெரியும், அதோடு அந்தப் பழைய கணக்கு செத்துப்போனது. மிச்சம் பிடிக்கிற காசு எஞ்சின் பிரிக்கிற கூலிக்குக் காணாது.

கேள்வி: போன மாரியில் வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளத்துக்குள் மாருதி நின்றுவிட்டது. தள்ளிக் கரையேற்றி உடனே ஸ்ராட் பண்ணப் பார்த்தோம், டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. எஞ்சின் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளத்துக்குள் நின்றால் என்ன செய்ய வேண்டும்? (முள்ளியவளை)

பதில்: திறப்பைத் திருப்பக் கூடாது. ஸ்ராட் பண்ணிப் பார்க்கிற ஆசையை அடக்கினால் எஞ்சின் பெரும்பாலும் தப்பும். காற்று உறிஞ்சுகிற வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்ரன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், கொனெக்ரிங் றொட் வளையும். நீங்கள் கேட்ட டக் அதுவாகத்தான் இருக்கும். தள்ளி ஸ்ராட் பண்ணுவதும் அதே வேலையைத்தான் செய்யும், இன்னும் பலமாக.

கரையேற்றியதும் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள், பில்ரர் காய்ந்திருந்தால் நிம்மதி, எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்காது, கரண்ட் பக்கம்தான் நனைந்திருக்கிறது. நனைந்திருந்தால் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, பிளக் ஓட்டைகளுக்கு நேரே முகத்தை வைக்காமல், கையால் சுற்றக்கூடியதென்றால் கையால், இல்லையென்றால் பற்றரி வயரைத் திரும்பப் பூட்டி ஸ்ராட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அடுத்தது ஒயில். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம், அடியில்தான் நிற்கும், ஆகவே கீழே இருக்கிற ஒயில் நட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் வருவது ஒயிலா தண்ணீரா என்று கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் வந்தாலோ, டிப்ஸ்ரிக்கில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டியிருந்தாலோ, ஒயிலும் பில்ரரும் மாற்றாமல் ஓடக் கூடாது. பின்சில்லால் இழுக்கிற வாகனம் என்றால் பின் அச்சையும் பாருங்கள். ஓடிச் சூடாக இருக்கிற பின் அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் மூச்சு விடுகிற சின்ன ஓட்டையால் தண்ணீரை உறிஞ்சிவிடும், அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து பிறகு பெயாரிங்கைத் தின்னும்.

இறங்கலாமா வேண்டாமா என்பதுதான் முதல் கேள்வி. ஓடுகிற தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கத் தொடங்கும், மாருதி போன்ற லேசான காருக்கு அது நிறைய. வட்டுவாகல் பாலத்தின் மேலால் நந்திக்கடல் பாய்கிறபோது, முன்னால் போன உழவு இயந்திரத்தைப் பார்த்து நம்மால் முடியும் என்று இறங்குகிறவர்களை என்ன சொல்ல. அதன் சில்லு உங்கள் இடுப்பளவு. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மிதந்தபோது எத்தனை வாகனம் வெள்ளத்துக்குள் நின்றது என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். குளம் வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் அன்று காரை மேட்டுக் காணியில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

தண்ணீரைக் கடந்து வந்துவிட்டால், பிரேக்கை லேசாக அமர்த்திப் பிடித்தபடி கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடுங்கள், டிரம் சூடேறிக் காயும். அன்றிரவு ஹாண்ட் பிரேக் போட வேண்டாம், ஒட்டிப் பிடித்துவிடும். கியரில் விட்டு சில்லுக்குக் கல் வையுங்கள். மறுநாள் ஏ9இல் போகிறீர்கள் என்றால் முறிகண்டியில் எப்படியும் நிற்பாட்டுவீர்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கப் போகிற வழியில் நாலு சில்லின் நடுக் குடத்துக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கடும் சூடு என்றால் அந்தச் சில்லில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது பெயாரிங் போகிறது. பிரேக் எண்ணெயையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 பாகைக்குக் குறையாது, ஈரம் ஏறினால் 140 வரைக்கும் இறங்கிவிடும். மாரி முழுக்க அந்த எண்ணெய் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கூடாது.

கேள்வி: டொல்பின் வான், ஸ்கூல் ஓட்டம். மார்கழி, தையில் காலை ஐந்தரைக்கு ஸ்ராட் எடுக்க உயிர் போகிறது, பிறகு வெள்ளைப் புகை. புதுப் பற்றரி போட்டும் அப்படியே. (மாங்குளம்)

பதில்: பற்றரி வாங்க முதல் கேட்டிருக்கலாம் அண்ணை. வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது, சூடு காணாது. மார்கழிக் காலை நம்மூரில் ஸ்வெற்றர் போடுகிற அளவுக்குத்தான் குளிர் என்றாலும், இந்த வகை டீசல் எஞ்சினுக்கு உள்ளே சூடேற்றுகிற ஹீற்றர் பிளக் வேலை செய்தே ஆக வேண்டும். நாலில் ஒன்று போனால் சமாளிக்கும், இரண்டு போனால் நீங்கள் எழுதியிருக்கிற கதைதான். மேலே இருக்கிற பட்டை வயரைக் கழற்றி, மல்ரி மீற்றரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு பிளக்கையும் பொடியோடு சேர்த்து அளவுங்கள். நல்ல பிளக் மிகக் குறைந்த அளவு காட்டும், போன பிளக் ஒன்றுமே காட்டாது. நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். பற்றரியில் நேரே பிடித்துச் சிவக்கிறதா என்று பார்க்கிற முறை வேண்டாம், ரொயொட்டாவின் சில எஞ்சின்களுக்கு 12 வோல்ற்றுக்குக் குறைந்த பிளக், அப்படிப் பிடித்தால் நல்லதும் போய்விடும். நாலும் நன்றாக இருந்தால் அதற்கு கரண்ட் கொடுக்கிற றிலேயைப் பாருங்கள்.

பிளக் சரியென்றால் அடுத்த சந்தேகம் காற்று. டீசல் பில்ரருக்கு மேலே கையால் அமர்த்துகிற பம்ப் இருக்கிறதே, காலையில் ஸ்ராட் எடுக்க முதல் அதை அமர்த்திப் பாருங்கள். இறுக்கமாக இல்லாமல் பொசுக்கென்று உள்ளே போனால் இரவில் டீசல் ராங்கிக்குத் திரும்பிவிட்டது, எங்கேயோ பைப் இணைப்பில் காற்று இழுக்கிறது. பத்துத் தடவை அமர்த்தி இறுகியதும் உடனே ஸ்ராட் ஆகிறதென்றால் அது உறுதி, பழைய றப்பர் பைப்பையும் கிளிப்பையும் மாற்றுங்கள், சில நூறு ரூபா வேலை. அதே பில்ரருக்கு அடியில் ஒரு திருகு உண்டு, மாரியில் மாதம் ஒருக்கால் அதைத் திறந்து அடியில் நிற்கிற தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். கலனில் டீசல் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒரு பற்றரி சாகிறது. நல்ல பற்றரி எது? (வவுனியா)

பதில்: ஆறு மாதத்துக்கு ஒன்று சாகிறதென்றால் குற்றம் பற்றரியில் இல்லை. காலையில் ஸ்ராட் பண்ண முதல் அளவுங்கள், 12.6 வோல்ற் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.0க்கு வந்தால் வெறுமை. எஞ்சின் ஓடும்போது அளவுங்கள், 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்ரனேற்றர் அல்லது அதன் பெல்ற், 15ஐத் தொட்டால் றெகுலேற்றர் பற்றரியை அவிக்கிறது. இரண்டும் சரியென்றால் எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் இருக்கிற ஏர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். இங்கே பழைய வாகனங்களின் மின் பழுதுகளில் பெரிய பங்கு இந்தக் கறள் பிடித்த பட்டையில்தான் இருக்கிறது, ஆனால் எவரும் அதைப் பார்ப்பதில்லை, விற்கக்கூடிய பொருள் இல்லையே. மற்றது, பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கடையில் விற்கிற வடித்த தண்ணீர்தான்.

கேள்வி: றேடியேற்றருக்கும் கிணற்றுத் தண்ணீர் கூடாதா? கூலன்ற் குளிர் நாட்டுக்குத்தானே? (பூநகரி)

பதில்: பூநகரிக் கிணறா, கேட்கவே வேண்டாம். உங்கள் கேத்திலுக்குள் படிந்திருக்கிற வெள்ளைப் படையைப் பாருங்கள், அதேதான் றேடியேற்றரின் சின்னக் குழாய்களுக்குள்ளும் படிகிறது, சவர் இருந்தால் கறளும் சேர்ந்துகொள்ளும். கூலன்ற் உறையாமல் காப்பது அங்கே, இங்கே அது கறளைத் தடுக்கிறது, கொதிநிலையையும் கூட்டுகிறது. வாங்க வசதியில்லையென்றால் மாரியில் சுத்தமான ஏனத்தில் பிடித்த மழைத் தண்ணீர், முதல் மழையை விட்டுவிட்டு, கிணற்றைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: வீட்டோடு ஒரு சின்ன கராஜ் கொட்டில் போட நினைக்கிறேன். கீழே இறங்கி வேலை செய்ய ஒரு குழியும் வெட்டினால் நல்லது என்கிறார் மேசன். என்னென்ன சாமான் வாங்க வேண்டும்? (வட்டக்கச்சி)

பதில்: குழி வேண்டாம். வட்டக்கச்சியில் கார்த்திகையில் குழி வெட்டினால் கராஜ் வராது, கிணறு வரும். சீமெந்து பூசினாலும் நிலத்தடி நீர் அடியால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் பெற்றோல் ஆவி. அது காற்றைவிடப் பாரம், குழிக்குள்தான் இறங்கித் தேங்கும், அங்கே நீங்கள் ஒரு சாதாரண பல்ப் வயரை இழுத்துக்கொண்டு இறங்குவீர்கள். ஒரு பொறி போதும்.

அதற்குப் பதிலாக நிலத்தை வீதி மட்டத்தைவிட ஒரு அடியாவது உயர்த்தி, வாசல் பக்கம் கொஞ்சம் சரிவாகச் சீமெந்துத் தளம் போடுங்கள். கூரைக்குத் தகரம் போட்டால் விடியப்புறம் அடியில் வியர்த்து காரின் மேல் சொட்டும். தகரத்துக்குக் கீழே கிடுகு ஒரு படை போட்டவர்கள் வீட்டில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கிடுகு இருக்கிற இடத்தில் வெல்டிங் வேலை வெளியே. சுவரை முழுதாக மூடாமல் மேலே காற்றுப் போக இடம் விடுங்கள், மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடுவது ஆளைக் கொல்லும், புகையில் இருக்கிற நச்சு வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை.

சாமான் என்று கேட்டால், முதலில் நல்ல ஜக் ஒன்றும் அதற்குப் பிறகு காரைத் தாங்கி நிற்கிற இரும்புத் தாங்கி இரண்டும். ஜக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை வைத்துவிட்டுக் கீழே படுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, சீமெந்துக் கல் முன்னறிவித்தல் இல்லாமல் ஒரேயடியாகப் பொடியாகும். இரும்புத் தாங்கி கிடைக்கும்வரை அகலமான பனங்குற்றி வையுங்கள், அது நசிந்தாலும் நேரம் தரும். அடுத்தது ஸ்பனர். என்ன கார் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய இங்கிலாந்துக் கார் என்றால் அங்குல ஸ்பனர், ஜப்பான், இந்திய வாகனம் என்றால் மில்லிமீற்றர். அரை அங்குல நட் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பனர் அதில் ஏறும், இறுகின நட்டில் வழுக்கி மூலையை மழித்தும் விடும். அப்படி மழிந்த நட்டுகளைக் கழற்றுவதே பல கராஜ்களில் பாதி வேலை. ஒரு மல்ரி மீற்றரும் வாங்குங்கள், மலிவானதே போதும். மற்றதெல்லாம் தேவை வரும்போது ஒவ்வொன்றாக.

கேள்வி: நான் புதுக்குடியிருப்பு, இப்போது ஸ்காபரோ. பழைய கொறோலா, முதல் விண்ரர். ஊரில் போட்ட மாதிரித் தடித்த ஒயில் போட்டால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று கூட வேலை செய்கிற அண்ணை ஒருவர் சொல்கிறார். சரியா? (கனடா)

பதில்: ஊரில் சரி, அங்கே எஞ்சினுக்குச் செய்கிற கொடுமை. 20டபிள்யூ-50 ஒயில் மைனஸ் 20 பாகையில் கிட்டத்தட்ட அசையாது. ஸ்ராட்டருக்குச் சுற்ற முடியாமல் போகும், சுற்றினாலும் ஒயில் மேலே ஏற முதல் இரும்போடு இரும்பு உரசும். முதல் இலக்கம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குக் குளிரில் ஓடும். உங்கள் கார்ப் புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே போடுங்கள், அண்ணையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பற்றரியைக் குளிர் தொடங்க முதல் சோதித்துவிடுங்கள் தம்பி, மைனஸ் 18இல் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், எஞ்சின் கேட்கிற பலமோ கூடும். கூலன்ற் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரைக்கும் உறையாது. வெறும் தண்ணீர் இருந்தால் எஞ்சினே வெடிக்கும். ரயர் காற்று ஒவ்வொரு ஐந்தாறு பாகை குறையவும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும், ஆகவே ஒக்டோபரில் அடித்த காற்று ஜனவரியில் காணாது. விண்ரர் ரயர் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம், ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. இல்லாவிட்டாலும் போடுங்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும், பனியே இல்லாத காய்ந்த வீதியிலும் பிடி குறைந்துவிடும். வீதிக்குப் போடுகிற உப்பு காரின் அடிப்பக்கத்தைத் தின்னும், குளிர் கொஞ்சம் குறைகிற நாட்களில் அடியைக் கழுவுங்கள், குளிர் தொடங்க முதல் அடிக்கு ஒயில் ஸ்பிறே அடிப்பவர்களிடம் கொடுத்தால் பழைய காருக்குச் செலவழித்த காசு வீண்போகாது. கண்ணாடியில் பனிக்கட்டி என்று கேத்தில் சுடுதண்ணி ஊற்ற வேண்டாம், வெடித்துவிடும். பனி கொட்டி கார் புதைந்திருந்தால் ஸ்ராட் பண்ண முதல் சைலன்சர் வாயைத் தோண்டி விடுங்கள், அது அடைபட்டால் புகை காருக்குள்தான் வரும்.

கேள்வி: மாரி தொடங்கினால் எலி வயரைக் கடிக்கிறது. போன வருடம் பாம்பும் ஒன்று பொனற்றுக்குள். (மல்லாவி)

பதில்: எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வந்தது தங்கச்சி, எலியைத் துரத்தினால் இரண்டும் தீரும். கொட்டிலுக்குள் நெல் மூட்டை, தவிடு, மாட்டுத் தீவனம் எதுவும் வைக்க வேண்டாம். காரை நாட்கணக்கில் விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாளாவது அசையுங்கள். இரவில் பொனற்றைத் திறந்து விடுகிறவர்களும் உண்டு, உள்ளே இருட்டும் சூடும் இல்லையென்றால் எலிக்குக் கூடு கட்ட மனம் வராது, ஆனால் கூரையுள்ள கொட்டிலில் மட்டும். கடித்த வயரை ரேப் சுற்றி விட வேண்டாம், ஈரம் உள்ளே போய் பச்சையாகப் பூக்கும். வெட்டி, பற்றவைத்து, மேலே சுருங்குகிற குழாய் போடச் சொல்லுங்கள். காலையில் ஸ்ராட் பண்ண முதல் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

கேள்வி: காலபோக அறுவடை நேரம் வீதியில் காயப்போட்ட வைக்கோலுக்கு மேலால் ஓடினால் காருக்கு ஏதும் ஆகுமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: ஓடினால் அடியில் சுற்றும், சுற்றி அச்சுக்கு இருக்கிற றப்பர் உறையை அறுக்கும். அதைவிட, ஓடி வந்த சூட்டோடு வைக்கோலுக்கு மேல் நிறுத்துவதுதான் ஆபத்து, சைலன்சர் சூட்டில் பற்றும். நிறுத்தியதும் குனிந்து அடியைப் பார்த்து, தொங்குவதை ஒரு தடியால் இழுத்து விடுங்கள், கையை விட வேண்டாம், சுடும்.

கேள்வி: குரங்கு வைப்பர் றப்பரைப் பிய்க்கிறது. (நெடுங்கேணி)

பதில்: இரவில் கழற்றி உள்ளே வையுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ஒரு சின்னக் கொளுக்கி மட்டும்தான், கையால் கழற்றலாம். கழற்றிய கம்பியின் நுனிக்குத் துணி சுற்றி விடுங்கள், இல்லாவிட்டால் தற்செயலாக வைப்பரைப் போட்டதும் கண்ணாடியில் கீறு விழும்.